தங்கப்பழம் மாஸ்டரின் முகம் தெரிந்த படம்

நத்தைமேட்டு ஆட்களைப் பற்றிச் சுற்றுப்பட்டில் என்னென்னவோ பேசுவார்கள். அவர்களுக்காக வாதாட நான் வரவில்லை. சொன்னதை அப்படியே செய்கிறவர்கள் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். 'கொஞ்சம் இருங்க, இதோ வந்துடறேன்' என்று சொல்லிவிட்டு நீங்கள் மறந்துபோய் வீட்டுக்குப் போய்விட்டால், மறுநாள் காலையிலும் அதே இடத்தில் இருப்பார்கள். உங்களைக் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

அந்த ஊரில் 'உளவாளி கார்மேகம் ரசிகர் மன்றம்' என்று ஒன்று உண்டு. கார்மேகத்தை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்த நாளில் ஐந்து படங்களில் நாட்டைக் காப்பாற்றியவர். கோட்டுப் போட்டபடியே கடலில் குதிப்பார், வெளியே வரும்போது வகிடு கலைந்திருக்காது. மன்றத்தில் மொத்தம் நாலு பேர். அய்யாத்துரை தலைவர், நம்பிராஜன் செயலாளர், இசக்கியப்பன் பொருளாளர். மிச்சமிருந்த மாசாணம் உறுப்பினர். பொதுக்குழு கூடிவிட்டது என்றால் மாசாணம் வந்து உட்கார்ந்துவிட்டான் என்று அர்த்தம்.

மன்றத்துக்கு எதிர்வீடு தங்கப்பழம் மாஸ்டருடையது. கார்மேகம் படங்கள் ஐந்திலும் நடித்தவர். நடித்தவர் என்பதைவிட ஐந்திலும் செத்தவர் என்றால் சரியாக இருக்கும். வில்லனின் அடியாளாக வந்து, ஒரு படத்தில் படகோடு வெடிப்பார், இன்னொன்றில் ரயில் கூரையிலிருந்து உருளுவார். எல்லாவற்றிலும் முதுகுதான் தெரியும். அடியாளுக்கு முகம் எதற்கு என்று இயக்குநர் கேட்டுவிட்டாராம்.

ஒரே ஒரு தடவை, மூன்றாவது படமான 'கலங்கரையில் கார்மேகம்' என்பதில், கலங்கரை விளக்கின் உச்சியிலிருந்து விழுவதற்கு முன்னால் மாஸ்டர் ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டார். திட்டு வாங்கினாலும் படத்தில் அது இருந்தது. இருந்து என்ன பயன்? அந்தக் காலத்துக் கொட்டகையில் திரை அழுக்கு, பிரிண்டில் ஓயாத கீறல் மழை. மாஸ்டரின் முகம் கரித்துண்டு மாதிரிதான் தெரிந்தது.

அவருடைய மனைவி பிரமசக்தி இதையெல்லாம் ஐம்பது வருஷமாக நம்பவில்லை. "முதுவு ஊர்ல யாருக்குத்தான் இல்ல?" என்று ஒரே கேள்வி கேட்பார். சினிமாவுக்காகத் தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது, முழங்கால் பிசகியிருக்கிறது. வீட்டிலேயே ஒருத்தி நம்பவில்லை என்பதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

இப்படி இருக்கையில், கார்மேகம் படங்கள் ஐந்தையும் யாரோ புண்ணியவான்கள் துடைத்துச் சுத்தம் பண்ணி, ப்ளூரே தட்டுகளாக வெளியிட்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. மாஸ்டர் வேட்டியைக்கூடச் சரியாகக் கட்டாமல் மன்றத்துக்கு ஓடிவந்தார்.

"ஏலே, அந்த அஞ்சு படத்தையும் வாங்கி மன்றத்துல வைங்கலே. நான் போய்ச் சேருறதுக்குள்ள என் மூஞ்சிய அவளுக்கு ஒருதரம் காட்டிப்புடணும்" என்றார்.

மன்றம் உடனே கூடியது. ஐந்து படங்களையும் சேகரிப்பது என்றும், அதை வரிசை தவறாமல் சேகரிப்பது என்றும், அதாவது முதல் படத்தை வாங்கி முடிக்காமல் இரண்டாவதைத் தொடுவதில்லை என்றும் தீர்மானம் போட்டார்கள். டி.வி.க்கும் ப்ளூரே பெட்டிக்கும் கவலை இல்லை. இசக்கியப்பனின் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்து, எப்படி ஓட்டுவதென்று தெரியாமல் மன்றத்துக்குத் தானம் பண்ணியிருந்தான்.

முதல் படத்தை வாங்க நம்பிராஜன் டவுனுக்குப் போனான். தட்டு விற்கிற காணிக்கைராஜ் நல்ல மனுஷன், வியாபாரத்தில் கெட்டிக்காரர். எல்லோரிடமும் சொல்கிறதைத்தான் நம்பிராஜனிடமும் சொன்னார். "இந்த விலை உங்களுக்கு மட்டுந்தான். வாங்கினதையே யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

நம்பிராஜன் திரும்பி வந்தான். அய்யாத்துரை கேட்டார், "என்னவே, வாங்கினீரா?"

நம்பிராஜன் மேலே விட்டத்தைப் பார்த்தான்.

"கடை பூட்டிக் கிடந்துதா?"

நம்பிராஜன் விட்டத்தைப் பார்த்தபடியே இருந்தான். ஆள் போன காரியம் நடக்கவில்லை, பாவம் அவமானத்தில் பேச்சு வரவில்லை என்று முடிவு பண்ணி, மறுநாள் இசக்கியப்பனை அனுப்பினார்கள். அவனும் திரும்பி வந்து நம்பிராஜன் பக்கத்தில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்தான். அடுத்து மாசாணம் போனான். கடைசியில், இவர்களை நம்பி ஒரு பிரயோசனமும் இல்லை என்று தலைவரே கிளம்பிப் போய் வந்தார்.

அதற்கப்புறம் கூடிய பொதுக்குழு நத்தைமேட்டு வரலாற்றில் ரொம்ப அமைதியான பொதுக்குழு. நாலு பேரும் சட்டைக்குள் எதையோ வைத்துக்கொண்டு, குனிய முடியாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். யாராவது பேச வேண்டுமே என்று தலைவர் ஆரம்பித்தார்.

"முதல் படம் நம்மகிட்ட இருக்கா, இல்லையா?"

"அதைச் சொல்லுத நிலைமையில நான் இல்ல" என்றான் நம்பிராஜன்.

"நானும் இல்ல" என்றான் இசக்கியப்பன்.

"எனக்கு மட்டும் தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? தெரியும். அதனாலதான் சொல்லல" என்றான் மாசாணம்.

தலைவர் யோசித்தார். "சரி, அப்ப நாம நாலு பேரும் சேர்ந்து அந்தக் கடைக்காரர்கிட்டயே போயி, நமக்குள்ள சொல்லிக்கிடலாமான்னு அனுமதி கேட்டுருவோம்."

நாலு பேரும் பஸ் ஏறிப் போய்க் கடை வாசலில் வரிசையாக நின்றார்கள். காணிக்கைராஜ் முதலில் ஒன்றும் புரியாமல் விழித்தார். புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, நீங்க ஒருத்தருக்கொருத்தர் தாராளமாச் சொல்லிக்கிடலாம்."

"இப்பமேவா, ஊருக்குப் போயா?" என்று தலைவர் கேட்டார்.

"இங்கேயே சொல்லி முடிச்சுட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்."

நாலு பேரும் அங்கேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சட்டைக்குள்ளிருந்து நாலு முதல் படங்கள் வெளியே வந்தன. காணிக்கைராஜ் நல்ல மனுஷன் என்றேன் அல்லவா? மூன்றை வாங்கிக்கொண்டு மாற்றுப் படங்கள் கொடுத்தார், குறைந்த ஒன்றையும் சேர்த்து, ஐந்தையும் பையில் போட்டார். அதோடு வாயை மூடியிருக்கலாம். வியாபாரி வாய் சும்மா இருக்குமா? "படம் அவ்வளவு துல்லியம் பாத்துக்கிடுங்க. சுவத்துல ஊருற எறும்பு கூடத் தெரியும்" என்று சொல்லி அனுப்பினார்.

மன்றத்துக்கு வந்து அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்த நம்பிராஜனுக்கு முகம் வெளுத்துவிட்டது. பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது: 'இந்தத் தட்டு வீட்டில் பார்ப்பதற்கு மட்டுமே.'

"மன்றம் வீடில்லையே" என்றான் இசக்கியப்பன்.

"அப்ப டி.வி.யை மாஸ்டர் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவமா?" என்று மாசாணம் கேட்டான். அவன் வாயிலிருந்து எப்போதாவது இப்படி ஒரு நல்ல யோசனை வந்துவிடும். வந்தால் மற்ற மூன்று பேரும் விட மாட்டார்கள்.

"மன்றத்துச் சொத்து மன்றத்து வாசலைத் தாண்டக் கூடாதுன்னு விதி இருக்கு. விதியை மீறச் சொல்லுதியா?" என்று தலைவர் அதட்டினார். "டி.வி. வீட்டுக்குப் போகக் கூடாது. அதனால வீடுதான் இங்க வரணும்."

ஒரு கட்டடம் எப்படி வீடாகிறது? இதைப் பற்றி அரைநாள் விவாதித்தார்கள். சமையல் நடந்தால் வீடு என்றால் டீக்கடையும் வீடாகிவிடும் என்று இசக்கியப்பன் ஆட்சேபித்தான். படுத்தால் வீடு என்றால் பஸ் ஸ்டாண்டும் வீடு என்றான் நம்பிராஜன். பால் காய்ச்சினால்தான் வீடு என்று மாசாணம் சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

நல்ல நாள் பார்த்து மன்றத்துக்குப் பால் காய்ச்சினார்கள். வாசலில் மாவிலைத் தோரணம், நடுவில் அடுப்பு, கார்மேகத்தின் படத்துக்குச் சந்தனப் பொட்டு. வந்தவர்கள் ஊர் வழக்கப்படி சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். எல்லாக் கடிகாரத்தையும் மாட்டிவிட்டார்கள், கொடுத்தவர் மனம் நோகக் கூடாதே. முறைப்படி பசுமாடும் உள்ளே வந்தது. மாசாணத்தின் மாடு அது. மின்விசிறிக் காற்று பிடித்துப்போய் டி.வி.க்கு முன்னால் படுத்துவிட்டது, சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாளிலிருந்து தினமும் தானாகவே வந்து அங்கே படுத்துக்கொண்டது. வீடென்றால் ஆள் குடியிருக்க வேண்டும் என்று தலைவர் அங்கேயே தங்கினார். அவர் மனைவி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. துணிமணியைத் தானே மடித்துக் கொடுத்து அனுப்பினார்.

மாஸ்டர் இல்லாமல் மூன்றாவது படத்தைத் தொடுவதில்லை என்று முடிவு. மற்றதைப் போட்டுப் பழகிக்கொள்ளலாம் என்று முதல் படத்தை ஓட்டினார்கள். கடைக்காரர் சொன்ன எறும்பை யாரும் தவறவிட்டுவிடக் கூடாதென்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். தலைவருக்கு இடது சுவர், நம்பிராஜனுக்கு வலது சுவர், இசக்கியப்பனுக்குக் கூரை, மாசாணத்துக்குத் தரை. படம் முடிந்தது.

"கார்மேகம் வில்லனைப் பிடிச்சாரா?" என்று கேட்டார் தலைவர்.

"நான் கூரையில இருந்தேன். அவரு அங்க வரல" என்றான் இசக்கியப்பன்.

"தரையில ரெண்டு செருப்பு ஓடிச்சு. யாரு செருப்புன்னு தெரியல" என்றான் மாசாணம்.

இரண்டாவது படம் முழுக்க நடுக்கடலில் நடந்தது. சுவரே இல்லாத படத்தில் எறும்பைத் தேடச் சொன்னது எந்த ஊர் நியாயம் என்று நம்பிராஜன் காணிக்கைராஜுக்கு போன் போட்டுக் கேட்டான். எறும்பு இருக்கிற தட்டாகப் பார்த்து மாற்றித் தரும்படியும் கேட்டுக்கொண்டான். அப்புறம் இணைப்பு அறுந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாஸ்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். மாஸ்டர் தலைக்குச் சாயம் பூசி, வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார். பிரமசக்தி மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, மாட்டைச் சுற்றி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முதுவைக் காட்டி ஏமாத்தப் படாது, சொல்லிட்டேன்" என்றார்.

மாஸ்டர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நம்பிராஜனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "நான் நிறுத்துன்னு சொன்ன உடனே நிறுத்திரணும், என்ன? ஒரு நொடிதான் வரும். விட்டுட்டா என் மானம் போச்சு" என்றார். எறும்பு தேடுகிற வேலையை அன்றைக்கு ஒத்திவைத்துவிட்டு நாலு பேரும் படத்தைப் பார்த்தார்கள். முதல் படத்தில் தரையில் ஓடிய செருப்புக்குக் கார்மேகம்தான் சொந்தக்காரர் என்று மாசாணத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

படம் கலங்கரை விளக்குக்கு வந்து சேர்ந்தது. கறுப்புச் சட்டை போட்ட அடியாள் ஒருவன் மாடிப்படியில் ஏறி ஓடினான். அவனுடைய முதுகைப் பார்த்துப் பிரமசக்தி 'ம்க்கும்' என்று தொண்டையைக் கனைத்தார். கார்மேகம் கீழேயிருந்து துப்பாக்கியை நீட்டினார். உச்சியில் கைப்பிடிச் சுவரோரம் நின்ற அடியாள் திரும்பினான்.

"நிறுத்து!" என்று மாஸ்டர் கத்தினார். மாடு எழுந்துவிட்டது.

நம்பிராஜன் நிறுத்தினான். திரை முழுக்க ஒரு முகம். இருபத்தைந்து வயது இருக்கும். அரும்பு மீசை, நெற்றியில் வியர்வை, பயத்தில் பாதி திறந்த வாய். காணிக்கைராஜ் சொன்னது பொய்யில்லை. அந்த வியர்வைத் துளியை விரலால் வழித்தெடுக்கலாம் போல இருந்தது.

பிரமசக்தி எழுந்து டி.வி.க்குப் பக்கத்தில் போனார். கடிகாரங்கள் மட்டும் ஆளுக்கொரு நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அவர் திரையில் இருந்த வாயை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இந்த முன்பல்லு பாதி உடைஞ்சிருக்கே" என்றார். "எங்க கல்யாணத்துல எங்க அம்மா சுட்ட முறுக்கைக் கடிச்சு உடைஞ்ச பல்லுல்லா இது."

"அதேதான் பிரமு" என்றார் மாஸ்டர்.

"இது நீங்கதான்." பிரமசக்திக்குக் கண் கலங்கிவிட்டது. "எம்புட்டு அழகா இருந்திருக்கீங்க! நான் பாட்டுக்கு இத்தனை வருஷம் உங்களைப் பொய்யன்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேனே."

மாஸ்டர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நாலு முட்டாள்களும் ஏன் எதற்கென்று கேட்காமல் கூடவே அழுதார்கள். எனக்கு அவர்களிடம் ரொம்பப் பிடித்தது இதுதான். ஒருவர் அழுதால் தனியாக அழ விட மாட்டார்கள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு மாஸ்டர் சொன்னார், "சரிலே, ஓட விடு. நான் விழுறதையும் அவ பாக்கட்டும். நல்லா விழுந்திருப்பேன்."

நம்பிராஜன் ரிமோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "விழுவீங்களா?"

"பின்ன? குண்டு பட்டா விழாம என்ன செய்வேன்?"

"கீழ என்ன இருக்கு?" என்று தலைவர் கேட்டார்.

"பாறை. அதுக்கங்கிட்டு கடல்."

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொதுக்குழு நின்றபடியே கூடியது.

"ஒரு மனுஷனைப் பாறையில தள்ளுறதுக்கு மன்றம் துணை போகாது" என்றார் தலைவர்.

"அதுவும் சுமங்கலி முன்னால" என்றான் இசக்கியப்பன்.

"ஏலே கூறுகெட்டவனுவளா, நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கேன்!" என்று மாஸ்டர் கத்தினார்.

"நீங்க நிக்கீங்க, சரி. அவரு எங்க நிக்காரு பாருங்க, ஓரத்துல" என்றான் மாசாணம்.

மாஸ்டர் ஆதரவுக்கு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்தப் பிள்ளைக சொல்லுறதுல என்ன தப்பு? அம்பது வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் உங்களைக் கண்ணால பாத்திருக்கேன். பாத்த அன்னைக்கே சாகக் குடுக்கணுமா? ஓட விடாத தம்பி" என்றார்.

படம் அப்படியே நின்றது. அன்றைக்கும் நின்றது, மறுநாளும் நின்றது. பெட்டி தானாக அணைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள மன்றத்தார் முறை வைத்துக் காவலிருந்தார்கள். பிரமசக்தி தினமும் வேலை முடித்துவிட்டு வந்து, எதிரில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பார்ப்பார். வீட்டில் மாஸ்டர் சாப்பாடு கேட்டால், "இருங்க, உங்களைப் பாத்துட்டு வந்துருதேன்" என்று பதில் வரும். தன் மேலேயே தனக்குப் பொறாமை வந்தது என்று மாஸ்டர் என்னிடமே சொன்னார்.

அப்புறம்தான் அந்த அறிவிப்பு வந்தது. பராமரிப்பு வேலைக்காகப் புதன்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து ஊருக்கு மின்சாரம் இருக்காது.

மன்றத்தில் சாவு விழுந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. கரண்ட் இருக்கிறவரைக்கும்தான் அவர் நிற்பார். கரண்ட் போனால் பிடிமானம் போய்விடும். இதில் நாலு பேருக்கும் சந்தேகமே இல்லை. லைன்மேனிடம் போய் மன்றாடினார்கள். ஊர் பூராவுக்கும் நிறுத்தட்டும், கலங்கரை விளக்குக்கு மட்டும் விட்டுவிட முடியுமா என்று கேட்டார்கள். அந்த ஊரில் கடலே கிடையாது. லைன்மேன் அவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

புதன்கிழமை ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால், இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்டிவிட்டு வருகிறேன் என்று மாஸ்டர் கைத்தடியோடு மன்றத்துக்குள் நுழைந்தார். உள்ளே பிரமசக்தி ஒற்றடத்துக்கு வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தார். டி.வி.க்குக் கீழே தலைவரும் இசக்கியப்பனும் மாசாணமும் ஒரு கனத்த ஜமுக்காளத்தை விரித்து ஆளுக்கொரு முனையைப் பிடித்திருந்தார்கள். ரிமோட்டை விட மாட்டேன் என்று நம்பிராஜன் தள்ளி நின்றதால் நாலாவது முனை தரையில் கிடந்தது.

"மூதேவிகளா!" என்று மாஸ்டர் கைத்தடியை ஓங்கினார். ஓங்கியவர் அந்த ஜமுக்காளத்தைப் பார்த்தார். திரையில் தான் நிற்கிற உயரத்தை அண்ணாந்து பார்த்தார். மறுபடியும் ஜமுக்காளத்தைப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தரையில் கிடந்த நாலாவது முனையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

"இப்படியா பிடிக்கது? இழுத்துப் பிடிங்கலே!" என்று அதட்டினார். "எல்லாரும் இடது பக்கம் தள்ளி வாங்க. நான் எப்பவுமே இடது பக்கமாத்தான் விழுவேன்."